பிரிபடாத பங்கு

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கையெழுத்து. இரண்டரைக்குத்தான் கஜந்தினிக்கு அந்த உறையைப் பிரிக்க நேரம் கிடைத்தது. உள்ளே இரண்டு கட்டுகள் இருந்தன.

முதலாவது அவள் எதிர்பார்த்ததுதான். அமெரிக்காவில், வட கரோலினாவின் ஒரு கிராமத்தில் உள்ள காணியில் பதினொன்றில் ஒரு பங்கை, மொன்றியலில் வசிக்கும் வெர்னா பிரிட்சட் என்பவர் ஒரு காணிக் கொம்பனிக்கு விற்கும் உறுதிப் பத்திரம். ஏழு பக்கம். அங்கே அது செல்லுபடியாவதற்கு வெர்னா, ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் ஒரு நொத்தாரிசின் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை வந்து இந்த உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாவது கட்டு தவறுதலாக வந்தது. டெனிஸ் என்ற பெண் வெர்னாவுக்கு எழுதிய கடிதம். கூடவே ஒரு படமும் ஒரு சம்மதப் பத்திரமும். படத்தில் ஒரு மரக் கட்டிடம். வரிசையாக உயரமான ஜன்னல்கள். மேற்குப் பக்கக் கூரை நடுவில் தாழ்ந்திருந்தது.

வாசிக்கக்கூடாது என்று கஜந்தினிக்குத் தெரியும். எந்தக் கட்டுக்குள் சேர்ப்பது என்று பார்ப்பதற்காக எடுத்தவள், முழுவதையும் வாசித்துவிட்டாள்.

“இது என் நான்காவது கடிதம். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அயலிலிருந்த கறுப்பு விவசாயிகளும் 1924இல் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கூடம் இது. மாவட்டம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் மூடப்பட்ட பிறகும் ஊர்க்கூட்டங்கள் அங்கேதான் நடந்தன. கிராமப்புறக் கறுப்பின மக்களின் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நிதியம் ஒன்று எங்கள் விண்ணப்பத்தை ஏற்றிருக்கிறது. கூரைக்கும் அத்திவாரத்துக்கும் முழுச் செலவையும் தருவார்கள். காணிக்கு உரிமையுள்ள பதினொரு பேரும் அதைப் பாதுகாப்புச் சங்கத்திடம் ஒப்படைக்கச் சம்மதிக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. பத்துப் பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.”

வெள்ளிக்கிழமை என்றால் நாளைக்கு.

கஜந்தினி விற்பனை உறுதியைத் திரும்ப எடுத்து ஐந்தாம் பக்கத்தைப் படித்தாள். வாங்குபவருக்கு, முழுக் காணியையும் பிரிக்கும்படியோ விற்கும்படியோ நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையும் போய்ச்சேருகிறது. அவளுக்கு அதை எவரும் விளக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் ஒன்பது வருடம் உறுதி எழுதியவள் அவள். வெளியார் ஒருவர் ஒரு சிறிய பங்கை வாங்குவார். பிரிவினை வழக்குப் போடுவார். காணியைத் துண்டாட முடியாது என்று நீதிமன்றம் முழுவதையும் ஏலத்துக்கு விடும். அவ்வளவு காசு வைத்து ஏலத்தில் எடுக்கக்கூடியவர் அந்த வெளியார் மட்டும்தான். அப்படிக் கைமாறிய இரண்டு வீட்டு வளவுகளின் உறுதிகளை அவளே தட்டச்சுச் செய்திருக்கிறாள்.

அவள் எழுந்து போட்டோப்பிரதி அறைக்குப் போனாள். சாம்பவி அங்கே நின்றாள். மொன்றியலில் பிறந்து, இங்கேயே சட்டம் படித்து, செயின்ட்-மிஷேலில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் சொந்த அலுவலகம் திறந்து இரண்டு வருடமான நொத்தாரிசு. கஜந்தினியைவிடப் பதினொரு வயது இளையவள். லவாலில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் பொதி செய்துகொண்டிருந்த கஜந்தினியைக் கூப்பிட்டு மேசையும் கணினியும் கொடுத்தவள்.

“சாம்பவி, இதை ஒருக்காப் பாருங்கோ.”

சாம்பவி நின்றபடியே இரண்டையும் பார்த்தாள். “அக்கா, இது அவவின்ர சொந்தக் கடிதம். நாங்கள் வாசிச்சிருக்கவே கூடாது.”

“வாசிச்சிட்டன். இனி வாசிக்கேல்லை எண்டு சொல்லேலாது. நாளைக்குத் தவணை. இண்டைக்கு அவ பங்கை வித்தால் கட்டிடம் ஏலத்துக்குத்தான் போகும்.”

“நாங்கள் கையெழுத்து அவவின்ரதான் எண்டு மட்டும் உறுதிப்படுத்துறம். வட கரோலினாச் சட்டம் எனக்குத் தெரியாது.”

“அஞ்சாம் பக்கம் இங்கிலீசிலதானே கிடக்கு.”

“அவவுக்கும் இங்கிலீஸ் தெரியும். தெரிஞ்சுதான் விக்கிறாவோ என்னவோ.” சாம்பவி குரலைத் தாழ்த்தினாள். “வெளியில இருக்கிற அந்தக் கொம்பனி ஆள் ஹான்லன்தான் எங்கட பைலில அரைவாசி தாறவர். வாயைத் திறக்காதேங்கோ அக்கா. ப்ளீஸ்.”

கஜந்தினி இரண்டு கட்டுகளையும் திரும்ப வாங்கினாள். வெர்னா தெரிந்தே விற்கக்கூடும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு வெர்னா வந்தார். ஐம்பத்துநான்கு வயது, உயரமான கறுப்பினப் பெண், பஸ் சாரதிகளின் குளிர்ச்சட்டையோடு வந்திருந்தார். “நாலேகாலுக்கு நான் பஸ் டிப்போவில் நிற்கவேண்டும்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிரில் ஹான்லன். கொம்பனியின் மொன்றியல் முகவர். எல்லோரையும் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் மனிதர். சாம்பவி அடையாள அட்டையைப் பார்த்தாள், பெயரைச் சரிபார்த்தாள், பக்கங்களைப் புரட்டினாள். சாட்சிக் கையெழுத்துக்காகக் கஜந்தினி மேசையின் ஓரத்தில் நின்றாள்.

“இதில் எழுதியிருப்பது உங்களுக்கு விளங்குகிறதா?” என்று சாம்பவி கேட்டாள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

“விளங்குகிறது. என் பங்கை விட்டுவிட்டு நான் வெளியே வருகிறேன். மற்றவர்கள் என்ன செய்கிறார்களோ அது அவர்கள் பாடு.”

வெர்னா பேனையை எடுத்தார்.

“மற்றவர்கள் ஒன்றும் செய்ய முடியாது,” என்றாள் கஜந்தினி.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய ஆங்கிலம் திக்கியது. இருந்தும் நிறுத்தவில்லை. “ஐந்தாம் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் பங்கை வாங்குகிறவர் முழுக் காணியையும் விற்கச் சொல்லி வழக்குப் போடலாம். அந்தப் பள்ளிக்கூடமும் சேர்ந்து போகலாம்.”

ஹான்லனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. “மன்னிக்கவேண்டும், இந்தப் பெண் யார்? வழக்கறிஞரா?”

“எழுதுவினைஞர்,” என்றாள் சாம்பவி.

“அப்படியானால் இவர் எதற்காகச் சட்டம் சொல்கிறார்?”

வெர்னா அவரைக் கவனிக்கவில்லை. சாம்பவியைப் பார்த்து, “உண்மையா?” என்று கேட்டார்.

சாம்பவியின் கழுத்து சிவந்துவிட்டது. அவள் தமிழில், மிக மெதுவாக, “அக்கா, வெளியில போங்கோ,” என்றாள்.

கஜந்தினி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடிக் கதவு, ஆட்கள் தெரிந்தார்கள், குரல் கேட்கவில்லை. சாம்பவி நெடுநேரம் பேசினாள். ஹான்லன் கையை விரித்து ஏதோ சொன்னார். வெர்னா பேனையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். கஜந்தினி தன் மேசையில் உட்கார்ந்து, வேறு ஒரு பைலைத் திறந்து, ஒரே வரியைப் பல தடவை வாசித்தாள்.

கதவு திறந்தது. ஹான்லன் மேலங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

வெர்னா நேராக அவளிடம் வந்தார். “சட்ட ஆலோசனை எடுக்காமல் என் கையெழுத்தை வாங்கமாட்டேன் என்கிறார் உங்கள் நொத்தாரிசு. சந்தோஷமா?”

“அந்தக் கடிதம் தவறி வந்துவிட்டது. நான் வாசித்திருக்கக்கூடாது.”

“ஆனால் வாசித்தீர்கள். வாசித்துவிட்டு, பாவம், நல்ல மனிதர்களின் பழைய பள்ளிக்கூடம் என்று நினைத்தீர்கள்.” வெர்னா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினார். “என் அப்பா ஓட்டிஸ். 1969இல் அவரை வியட்நாமுக்குப் பிடித்துப்போக வந்தார்கள். அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பரணில் பதினாறு நாள் ஒளிந்திருந்தார். அவர் அங்கே இருப்பது ஒரேயொரு ஆளுக்குத்தான் தெரியும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த அவருடைய அண்ணன், லெம். அந்த அண்ணன்தான் ஷெரீப்பின் ஆட்களுக்குக் காட்டிக்கொடுத்தவன். அப்பா பின் ஜன்னலால் குதித்து ஓடி இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார். கணுக்கால் கடைசிவரை சரியாகவில்லை. 77இல் போருக்குப் போகாமல் ஓடிய எல்லோருக்கும் அரசாங்கத்தின் மன்னிப்பு வந்தது. அப்போதும் போகவில்லை. தன் தாயின் அடக்கத்துக்கும் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முதல் இங்கேதான் செத்தார். உங்களுக்கு வந்த கடிதத்தை எழுதிய டெனிஸ் யார் தெரியுமா? லெம்மின் மகள்.”

கஜந்தினி திறந்திருந்த பைலை மூடினாள். காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு அவளுக்கு அகராதி தேவையில்லை. அவளுடைய மூத்த மாமாவின் வீட்டு வாசல் படலையில் ஒருநாள், முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியோடு இராணுவத்தினர் வந்து நின்றார்கள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அம்மா குரலைத் தாழ்த்துவாள்.

வெர்னா இரண்டு கட்டுகளையும் உறைக்குள் திணித்துக்கொண்டு போனார். எதிலும் கையெழுத்து வைக்கவில்லை.

மாலையில் வீட்டில் கணவன் இரவிச்சந்திரன் எல்லாவற்றையும் கேட்டான். “நீர் ஏன் வாயைத் திறந்தனீர்? உமக்கு அந்தச் சனம் ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

“பேந்து?”

“தெரியாமல் கையெழுத்து வைக்கிறா எண்டு நினைச்சன். அது சரிதான். ஆனால் அவவிலயும் பிழை இல்லை.”

இரவிச்சந்திரன் சோற்றில் குழம்பை விட்டான். “வேலை இருக்குதோ?”

“நாளைக்குப் போனால்தான் தெரியும்.”

வெள்ளி காலை சாம்பவி கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தாள். ஹான்லன் தன் பைல்கள் எல்லாவற்றையும் வேறு அலுவலகத்துக்கு மாற்றுகிறார். மின்னஞ்சல் எட்டு மணிக்கே வந்துவிட்டது.

“நான் உங்களில பிழை சொல்லேல்லை அக்கா. ஆனால் அடுத்த மாசத்திலயிருந்து மூண்டு நாள்தான் உங்களைக் கூப்பிடலாம். அதுக்குமேல எனக்குத் தாங்காது.”

“விளங்குது.”

“நீங்கள் சொல்லாட்டி நான் பேசாமல் கையெழுத்தை வாங்கியிருப்பன். அதுதான் எனக்குக் கோவம்.” சாம்பவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “உங்களில இல்லை.”

பகல் முழுவதும் கஜந்தினி மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு. ஒன்றரை. வெர்னாவின் தொலைபேசி இலக்கம் பைலில் இருந்தது. எடுத்துப் பேசுவதற்கு அவளிடம் எந்த நியாயமும் இருக்கவில்லை. இரண்டரைக்கு அந்தப் பைலை மூடி அலுமாரிக்குள் வைத்தாள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படியில் காலடி கேட்டது. வெர்னா. காலைப் பஸ் ஓட்டம் முடிந்து வந்திருந்தார். மாலை ஓட்டம் ஐந்தேகாலுக்கு.

“எனக்கு ஓர் அறை வேண்டும். டெனிஸோடு பேசப்போகிறேன். நான் சொல்வதையும் அவள் சொல்வதையும் ஒருவர் கேட்டிருக்கவேண்டும். பிறகு எவரும் மாற்றிச் சொல்லக்கூடாது.”

சாம்பவி கையெழுத்து அறையைத் திறந்துவிட்டாள். கஜந்தினி தயங்கி நின்றபோது, “நீங்களும் வாங்கோ,” என்றாள்.

வெர்னா தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“வெர்னா? கடவுளே, நீங்கள்தானா?”

“நான் சம்மதிக்கவில்லை. கேள்வி கேட்க எடுத்தேன். நிதியத்துக்குக் கொடுத்த வரலாற்றில் என் அப்பாவைப் பற்றி என்ன எழுதினாய்?”

மறுமுனையில் தாள்கள் புரளும் ஓசை. டெனிஸ் மெதுவாக வாசித்தார். “இளைய மகன் ஓட்டிஸ், 1969இல் வேலை தேடி வடக்கே சென்றார்.”

“வேலை தேடி.”

“வெர்னா, அது நான்கு பக்க விண்ணப்பம். அதில்...”

“உண்மையை எழுது. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எங்கே சொன்னது. அந்தக் கட்டிடத்தின் வரலாறு என்று எங்கே வைத்தாலும் அதுவும் இருக்கவேண்டும். அதன்பிறகு என் கையெழுத்தைப் பற்றிக் கேள்.”

சாம்பவி மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று பத்து.

“அப்பா உயிரோடு இருக்கிறார்,” என்றார் டெனிஸ். “எண்பத்தொரு வயது. அடுத்த அறையில் படுத்திருக்கிறார். ஊர்ச் சனம் முழுக்க அதை வாசிக்கும். நான் எப்படி அவரைக் கேட்காமல் எழுதுவேன்?”

“கேள்.”

“இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.”

“நேரம் உனக்குத்தான் போகிறது, எனக்கில்லை,” என்று சொல்லி வெர்னா தொடர்பைத் துண்டித்தார். பிறகு அதைத் திரை தெரியாமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

காத்திருந்தார்கள். கஜந்தினி தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள், எவரும் தொடவில்லை. தெருவில் பனி அள்ளும் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. மூன்று இருபது. மூன்றரை. வெர்னா ஒருமுறை எழுந்து கையுறைகளைப் போட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தொலைபேசி அடித்தது.

இம்முறை ஓர் ஆணின் குரல். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. “ஓட்டிஸின் மகளா?”

வெர்னா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

“நான்தான் சொன்னேன்,” என்றார் லெம். “முதலில் அதைக் கேட்டுக்கொள். நான்தான்.”

“ஏன்?”

“மூன்று பேர் வந்தார்கள். மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் எங்கள் ஆட்களை வாக்காளராகப் பதியும் வேலையெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. அதைக் கொளுத்த அவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. உன் தம்பி எங்கே என்று சொல், இல்லாவிட்டால் இதை எரிப்போம் என்றார்கள். என் வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள். அவன் அதற்குள்தான் இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது.”

வெர்னா தொலைபேசியை நோக்கிக் குனிந்தார்.

“அப்படியென்றால், நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் உள்ளேயே எரிந்திருப்பார்.”

“டெனிஸ் இப்போது அதைத்தான் சொன்னாள். நீங்கள் அவரைக் காப்பாற்றினீர்கள் அப்பா என்றாள்.” கிழவர் இருமினார், ஓய வெகுநேரம் பிடித்தது. “அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் அது வரவில்லை. என் தாத்தா சுமந்த பலகைகள்தான் வந்தன. உள்ளே இருந்த பெயர்ப் பதிவுப் புத்தகம் வந்தது. பரணில் இருக்கிறான் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் நினைத்தேன், எரித்திருந்தால் அவனும் என்று. பிறகு நினைத்ததை முதலில் நினைத்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.”

“அவர் தன் தாயின் அடக்கத்துக்கு வரவில்லை,” என்றார் வெர்னா.

“தெரியும். வருவான் என்று இரண்டு நாள் வைத்திருந்தோம்.”

“என்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறீர்களா?”

“உன்னிடம் எப்படிக் கேட்பது? கேட்கவேண்டியவன் இல்லையே. டெனிஸ் எழுதட்டும். என் பெயரையும் போட்டு எழுதட்டும். நீ கையெழுத்து வைத்தாலும் வைக்காவிட்டாலும் எழுதட்டும்.”

தொலைபேசி மறுபடி டெனிஸிடம் போனது. அவர் அழுதுகொண்டிருந்தார். பிறகு எடுப்பதாக வெர்னா சொல்லி நிறுத்தினார்.

நான்கு ஐந்து. வெர்னா ஜன்னலருகே போய் நின்றார். கஜந்தினி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது என்று அவள் தனக்குள் உறுதியாக இருந்தாள். நேற்றுச் சொன்னது தெரிய வேண்டியதைத் தெரியப்படுத்த. இன்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இனிச் சொல்வது தள்ளிவிடுவது மட்டும்தான்.

“அவர் பொய் சொல்லியிருக்கலாம்,” என்றார் வெர்னா திரும்பாமல். “சுலபமான பொய் கையில் இருந்தது. மகளே எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.”

சாம்பவி கேட்டாள், “உங்களுக்கு இன்னும் யோசிக்க நேரம் வேண்டுமென்றால், நாளைக்கு ஒரு வழக்கறிஞரோடு...”

“நாளைக்கு இது இருக்காது.” வெர்னா மேசைக்கு வந்தார். “ஒரு வரி சேர்க்கமுடியுமா? டெனிஸிடம் நான் கேட்டதும் இப்போது அவர் ஒத்துக்கொண்டதும்.”

சம்மதப் பத்திரத்தின் கீழே சாம்பவி அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதினாள்: ஓட்டிஸ் பிரிட்சட் ஊரைவிட்டு ஓடிய காரணம், சொன்னவரின் பெயரோடு, கட்டிடத்தின் வரலாற்றில் சேர்க்கப்படவேண்டும் என்ற உடன்பாட்டின் பேரில். எழுதியதை உரக்க வாசித்தாள். “இதில் எழுதியிருப்பது உங்களுக்கு விளங்குகிறதா?”

“விளங்குகிறது.”

வெர்னா கையெழுத்து வைத்தார். எழுத்து பெரிதாகவும் சற்றுக் கோணலாகவும் விழுந்தது. கஜந்தினி சாட்சிக்கு வைத்தாள். சாம்பவி முத்திரை குத்தினாள். நான்கு இருபத்தாறுக்கு அது டெனிஸுக்குப் போனது, அவரிடமிருந்து நிதியத்துக்கு. அந்த வரியைப் பார்த்து அவர்கள் ஏற்பார்களா என்று எவருக்கும் தெரியாது. வெர்னா பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் பஸ் டிப்போவுக்குப் போய்விட்டார். நான்கு ஐம்பத்தொன்றுக்குப் பதில் வந்தபோது அதை வாசித்தது கஜந்தினிதான். பெற்றுக்கொண்டோம், பதினொரு கையெழுத்தும் சரி. அவள் வெர்னாவின் இலக்கத்துக்கு அந்த ஒரு வரியை அனுப்பினாள். பஸ் ஓட்டுகிறவர் எப்போது பார்ப்பார் என்று தெரியவில்லை.

ஏப்ரலில் நிதியத்தின் பணம் உறுதியாயிற்று. கூரைக்கு மரம் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். கஜந்தினி அப்போது செவ்வாய், புதன், வியாழன் மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். மற்ற இரண்டு நாளும் லவாலில் பழைய பிஸ்கற் வேலை. இரவிச்சந்திரன் தன் மேலதிக வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டான்.

ஒரு வியாழக்கிழமை வெர்னா வந்தார். கட்டிடத்தின் வாசலில் வைக்கப்போகும் பலகைக்கான வாசகத்தை டெனிஸ் அனுப்பியிருந்தார். அதைக் கஜந்தினியின் மேசையில் விரித்தார்.

லெம்மின் பெயர் இருந்தது. திகதி இருந்தது. ஷெரீப்பின் ஆட்கள் மண்ணெண்ணெயோடு வந்தது இருந்தது. ‘தம்பியைத் தீயிலிருந்து காப்பாற்றுவதற்காக, அவர் இருந்த இடத்தை லெம் சொன்னார்’ என்று முடிந்தது.

“பேனை இருக்கிறதா?” என்று கேட்டார் வெர்னா.

கஜந்தினி கொடுத்தாள். வெர்னா ‘தம்பியைத் தீயிலிருந்து காப்பாற்றுவதற்காக’ என்பதை ஒரே கோட்டால் வெட்டினார். மேலே ‘பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவதற்காக’ என்று எழுதினார். எழுதிவிட்டுச் சற்று நேரம் பார்த்தார்.

“அவர் சொன்னது இதுதானே?”

“ஓம்,” என்றாள் கஜந்தினி. தமிழில் சொன்னது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. வெர்னா அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. தாளை மடித்து, உறைக்குள் வைத்து, டெனிஸின் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினார்.